உள்ளதை உள்ளபடி கண்டவர்: துன் வீ. தி. சம்பந்தன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் பெரிய சாலைக்கு ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்று பெயர். இப்போது அது துன் சம்பந்தன் சாலை. அங்கேயுள்ள மோனோரயில் நிலையம் ஒன்றுக்கும் அதே பெயர்தான். பூமாலை வாங்கவும், சேலை எடுக்கவும், வாழையிலைச் சாப்பாடு சாப்பிடவும் கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் நாம் அங்கே போய் வருகிறோம். ஆனால் அந்தப் பெயர்ப் பலகையில் இருக்கும் மனிதர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பல பேர் விழிக்கிறார்கள். அமைச்சராக இருந்தவர் என்று ஓரிருவர் சொல்வார்கள். அதோடு சரி.

அமைச்சர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். பரிசளிப்பு விழா மலரில் இந்தப் பெரியவரைப் பற்றி எழுத வேறொரு காரணம் இருக்கிறது. நம் பாட்டன் பாட்டிமார் தலையில் பெரிய இடி விழுந்த காலத்தில், நிலைமையை மறைக்காமல், ஆறுதல் வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளது இதுதான் என்று முதலில் ஒப்புக்கொண்டவர் அவர். ஒப்புக்கொண்ட பிறகுதான் அதை மாற்றப் புறப்பட்டார். அந்த வரிசையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறப்பும் படிப்பும்

வீராசாமி திருஞான சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி 1896-இல் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைத்து முன்னேறி, ரப்பர் தோட்டம் வைத்தவர். ஆகவே சம்பந்தன் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை அல்ல. முதலாளி வீட்டுப் பிள்ளை. ஆனாலும் பால்மரமும், விடிகாலைப் பெரட்டும், ஆயாக்கொட்டகையும், சம்பள நாளும் அவர் கண் முன்னாலேயே இருந்தன.

கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி கற்றார். பிறகு சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். இந்தியாவில் சுதந்திரப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. காந்தியடிகளின் மேல் அவருக்கு இருந்த பற்று, பின்னால் சொந்த ஊரில் அவர் எழுப்பிய பள்ளியின் பெயரிலேயே தெரிகிறது. 1954-இல் சுங்கை சிப்புட்டில் உருவான மகாத்மா காந்தி கலாசாலைதான் அது. திறந்து வைத்தவர் பண்டித நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

அவருடைய 29-ஆவது பிறந்த நாளன்று, 1948 ஜூன் 16-இல், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலச் சட்டம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. ஊரடங்கு, முள்வேலி, சோதனை என்று தோட்டத்து ஜனங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத அந்தச் சமயத்தில்தான் சம்பந்தன் பொதுவாழ்வில் காலூன்றினார்.

எண்ணிக்கையைப் பார்த்துத் தெளிந்தவர்

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946-இல் தொடங்கியது. 1955-இல் சம்பந்தன் அதன் ஐந்தாவது தலைவரானார். அதுவரை கட்சியில் நகரத்துப் படித்தவர்களின் செல்வாக்கே அதிகம். தோட்டத்துத் தமிழர்கள் அதைத் தங்கள் கட்சி என்று நினைக்கத் தொடங்கியது இவர் காலத்தில்தான்.

அந்த ஆண்டு ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியலைப் பார்த்தால் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. நாட்டில் நம்மவர்கள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும், பெரும்பாலோர் இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மேடையில் வீரவசனம் பேசலாம், கைதட்டல் வாங்கலாம். சட்டமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது. சம்பந்தன் இதை மறைக்கவில்லை. துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணியோடு சேர்ந்து நின்றார். மொத்தம் 52 தொகுதிகளில் கூட்டணி 51-ஐ வென்றது. அவற்றில் இரண்டு ம.இ.கா.வுக்குக் கிடைத்தன. வென்ற இருவரில் சம்பந்தனும் ஒருவர்.

அதன் பிறகு தொழிலாளர் அமைச்சர், சுதந்திரத்துக்குப் பின் சுகாதார அமைச்சர், பிறகு நெடுங்காலம் பொதுப்பணி, தபால், தந்தி அமைச்சர், கடைசியாகத் தேசிய ஒற்றுமை அமைச்சர் என்று பொறுப்புகள் தொடர்ந்தன. அதிகமாக விட்டுக்கொடுத்துவிட்டார், அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்று அவரைக் குறை கூறியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குறையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கையில் எத்தனை ஓட்டு என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அவர் பேச உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துண்டாடல் என்னும் இடி

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. கொரியப் போர் சமயத்தில் ரப்பர் விலை உச்சிக்குப் போய்விட்டு இறங்கியது. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தது. மரங்கள் கிழடாகிவிட்டன, மறுநடவு செய்ய வேண்டுமானால் பல வருஷம் வருமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். நாடு சுதந்திரம் அடையப் போகிறது, அதற்குப் பிறகு என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. லண்டனில் இருந்த பங்குதாரர்களுக்கு, நல்ல விலை வரும்போதே விற்றுவிட்டுப் போவது லாபமாகப் பட்டது.

வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் என்று துண்டு போட்டு, சில்லறையாக விற்றார்கள். மூட்டையாக அரிசி வாங்கி கட்டி கட்டியாக விற்கிற மாதிரிதான். இதைத்தான் நம் ஜனங்கள் துண்டாடல் என்றார்கள்.

துண்டு போட்டால் தொழிலாளிக்கு என்ன நஷ்டம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அரசாங்கக் கணக்கில் அது தோட்டம். அதற்குக் கீழே போனால் அது சிறுதோட்டம். ஐந்து ஏக்கர்க்காரர் தன் மனைவி மக்களோடு தானே பால் வெட்டிக்கொள்வார். வெளியாள் வைத்தாலும் ஒருவரோ இருவரோதான். லயம் கட்டித் தர வேண்டியதில்லை, மருந்துவீடு வைக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கம் பேசி வைத்த சம்பளமும் அங்கே செல்லாது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அப்படி முளைத்தவைதான். தோட்டம் துண்டானால் பிள்ளைகள் சிதறுவார்கள். பிள்ளைகள் சிதறினால் பள்ளியின் கதவு சாத்தப்படும். வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கும் ஒரே நாளில் கையைவிட்டுப் போகிற துன்பம் அது. இரண்டு தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு எங்கே போவது என்று தெரியாமல் நின்றன.

1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். தொழிற்சங்கமும் குரல் கொடுத்தது. துண்டாடலைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஆனால் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தோட்டங்கள் ஒவ்வொன்றாய் விலை போய்க்கொண்டிருந்தன.

கிராண்டு யார் பேரில்?

இந்த இடத்தில்தான் சம்பந்தன் கசப்பான ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டார். காட்டை அழித்தது நம் ஆட்கள். மரம் நட்டது நம் ஆட்கள். கொசுக்கடியிலும் மலேரியாவிலும் செத்து அந்த மண்ணுக்கே உரமானதும் நம் ஆட்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் நிலத்தின் கிராண்டு கம்பெனியின் பேரில் இருந்தது. கிராண்டு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விற்க முடியும், வைத்துக்கொள்ளவும் முடியும். கண்ணீருக்கும் வியர்வைக்கும் நில அலுவலகத்தில் பதிவு கிடையாது.

இதை ஒப்புக்கொள்வது சுலபமல்ல. தோட்டம் நம்முடையது, துரை நம்மைக் கைவிட மாட்டார் என்று நம்பியே வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். அந்த நம்பிக்கையைத் தடவிக்கொடுத்துப் பேசியிருந்தால் தலைவருக்குப் பேரும் புகழும் மிஞ்சியிருக்கும். தொழிலாளிக்குத் தெருதான் மிஞ்சியிருக்கும். விற்பவனைத் தடுக்க நம்மிடம் சட்டம் இல்லை என்றால், வாங்குபவன் நாமாக இருந்தால் என்ன? உண்மையை நேருக்கு நேர் பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

அப்படிப் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஆண்டு 1960. ஒரு பங்கு 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். இப்படிச் சேரும் பணத்தைக் கொண்டு, விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டு போடாமல் முழுசாக வாங்குவது. தொழிலாளியை அங்கேயே வேலையிலும் வீட்டிலும் வைத்துக்கொள்வது. கிடைக்கிற லாபத்தில் அங்கத்தினருக்குப் பங்கு கொடுப்பது. திட்டம் இவ்வளவுதான். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

பத்து வெள்ளி என்றால் இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே போதாமல் போகலாம். அன்றைக்குத் தோட்டத்தில் நாள் சம்பளம் மூன்று வெள்ளியை ஒட்டித்தான் நின்றது. ஆகவே பத்து வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்பு. மழை பெய்து வெட்டு இல்லாத மாதத்தில் அதுவும் கஷ்டம். கடைப் பாக்கி, பிள்ளைச் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சம் பிடித்துக் கட்ட வேண்டும்.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். அமைச்சர் வேலை ஒரு பக்கம் இருக்க, மண் சாலையில் காரில் போய், லயத்து வாசலிலும் கோயில் திடலிலும் ஜனங்களைக் கூட்டி விளக்கினார். சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கட்டிய பணம் திரும்பி வருமா என்று தயங்கியவர்களும் உண்டு. அதில் தப்பு இல்லை. அவர்களுடைய கையிருப்பே அந்தப் பத்து வெள்ளிதானே! அதனால்தான் திரும்பத் திரும்ப நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

கணக்குப் பிடிக்கும் பிள்ளைகள் இதைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆள் 100 வெள்ளி கட்டினால் ஒரு மூலை நிலம்கூட வாங்க முடியாது. பத்தாயிரம் பேர் கட்டினால் பத்து லட்சம் வெள்ளி. தனித்தனியாக ஏழைகள்தான், கூடி நின்றால் தோட்டத்துக்கே முதலாளிகள். சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம். ஏறக்குறைய 3,000 ஏக்கர். பால்வாளி தூக்கியவர்களின் பணத்தில், துண்டு விழாமல், முழுத் தோட்டமாக அது கைமாறியது. அதன் பிறகு மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் வசம் வந்தன. அங்கத்தினர் தொகை பல்லாயிரமாகப் பெருகியது. கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் அந்தச் சங்கத்தின் தலைமையகம்.

எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடிந்ததா? இல்லை. சங்கம் தொடங்குவதற்கு முன்பே துண்டாகிப்போனவை ஏராளம். தொடங்கிய பிறகும் கைக்கு எட்டாமல் போனவை அதிகம். இதையும் உள்ளபடியே சொல்லத்தான் வேண்டும். ஆனால் காப்பாற்றப்பட்ட தோட்டத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு அது முழு வெற்றி. அந்த லயங்களில் அடுப்பு அணையவில்லை.

சிவப்புக் கார்டும் நீலக் கார்டும்

இன்னொரு விஷயத்திலும் நம்மவர்கள் உண்மையைப் பார்க்கத் தயங்கினார்கள். அதுதான் குடியுரிமை. சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வாய்ப்பு வந்தது. பதியுங்கள், பதியுங்கள் என்று கட்சி ஊர் ஊராகச் சொன்னது. பதிந்தவர்கள் உண்டு. என்றைக்காவது ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று விட்டவர்களும் நிறைய. நாற்பது வருஷம் இங்கே வாழ்ந்து, பிள்ளைகளையும் பேரன்களையும் இங்கே பெற்ற பிறகும், மனசு மட்டும் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தது.

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அரசாங்க அனுமதி எடுக்க வேண்டும் என்ற சட்டம் கண்டிப்பாக அமலாக்கப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் இந்த நாட்டைவிட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. பிறந்த பிள்ளைகள் இங்கே, பெற்றோர் அங்கே என்று பிரிந்த குடும்பங்களின் கதையைக் கேட்காத தமிழர் வீடு நம் வட்டாரத்தில் குறைவு. வாய்ப்பு இருந்தபோது பத்து நிமிஷம் வரிசையில் நின்றிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பமும் அதில் இருந்தது என்பதுதான் வேதனை.

பதவியை விட்டதும் ஒரு பாடம்

பதினெட்டு வருஷம் கட்சித் தலைவராக இருந்த சம்பந்தனுக்கு, 1970-களின் தொடக்கத்தில் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. புதிய தலைமை வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். சண்டை முற்றியிருந்தால் கட்சி உடைந்திருக்கலாம். 1973-இல் அவர் தலைமைப் பதவியை விட்டு விலகினார், வீ. மாணிக்கவாசகம் தலைவரானார். வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் காலம் மாறிவிட்டது என்பதும் ஒரு நிஜம்தான், அதையும் அவர் ஏற்றார்.

கட்சிப் பதவி போன பிறகும் கூட்டுறவுச் சங்கப் பணியை அவர் விடவில்லை. தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகவும் பணியாற்றினார். தந்தையார் தேடி வைத்த சொத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்வில் கரைத்தவர் அவர். 1979-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி காலமானார். வயது அறுபது நிறையவில்லை.

நமக்கு என்ன?

அவருடைய கதை கெடாவோடும் பேராக்கோடும் முடிந்துவிடவில்லை. நம் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா எழும்பியது எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில். ஷா ஆலம் எழும்பியது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். சுபாங் ஜெயா 1976 முதல் சீஃபீல்ட் தோட்டத்து மண்ணில் வளர்ந்தது. அங்கெல்லாம் பால் வெட்டியவர்களின் பேரில் கிராண்டு இல்லை. மரம் சாய்ந்தபோது லயமும் சாய்ந்தது. வேலை நிலைக்கும், வீடு நிலைக்கும் என்று நினைத்தே பலர் ஒரு துண்டு நிலம், ஒரு மலிவு வீடு வாங்கும் யோசனையைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போடாமல் சீட்டுப் போட்டு முன்பணம் கட்டியவர்களின் பிள்ளைகள் இன்று சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே, நம் வீட்டிலும் துண்டாடல் நடப்பதுண்டு. கடன் ஏறிக்கொண்டே போகும். கணவன் மனைவிக்குச் சொல்ல மாட்டார், மனைவி கணவனுக்குச் சொல்ல மாட்டார். பிள்ளை வாசிக்கத் திணறுவான். போகப் போகச் சரியாகிவிடும் என்று தேர்ச்சி அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவோம். வட்டியும் நிற்காது, வகுப்பும் நிற்காது. இன்று ராத்திரி சாப்பிட்டபின் ஒரு காகிதத்தை எடுத்து, மொத்தக் கடன் எவ்வளவு என்று இருவரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். பிள்ளைக்கு எந்த எழுத்து வரவில்லை, எந்த வாய்ப்பாடு வரவில்லை என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கசக்கும். ஆனால் எத்தனை வெள்ளி, எத்தனை பாடம் என்று தெரிந்துவிட்டால், பத்துப் பத்தாகக் கட்டித் தீர்க்க வழி பிறக்கும்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குபவர்களுக்கு வாழ்த்து. வாங்காதவர்கள் மனம் உடைய வேண்டாம். அதற்காக வாத்தியார் ஓரவஞ்சனை, வினாத்தாள் கஷ்டம் என்று காரணம் தேடவும் வேண்டாம். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று நேராகப் பாருங்கள். அந்த எண்தான் உங்களுடைய கிராண்டு. அதில் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவன்தான், அடுத்த வருஷம் அதில் தன் பேரை எழுதுவான்.